ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அம்மணிகளே

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தையல், செக்கிங், கைமடி, பேக்கிங் என்று வேலை பார்க்கிற, பிள்ளை பெறப்போகிற, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிற அம்மணிகள் எல்லோருக்கும்,

நான் டைம் ஆபீஸில் உட்கார்ந்து சம்பளக் கணக்குப் பார்த்தவள். சனிக்கிழமை சாயங்காலம் உங்களுக்குக் கவர் கொடுக்கிற ஜன்னலுக்கு உள்பக்கம் இருந்தவள் என்றால் புரிந்துகொள்வீர்கள். அந்த ஜன்னலில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "அக்கா, டெலிவரி பணம் எனக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான். கேட்பது பெரும்பாலும் ஏழாம் மாதத்தில், வளைகாப்புக்கு நாள் குறித்த பிறகு. அந்த நேரத்தில் தொகையைச் சொல்லலாம், ஏற்றவோ இறக்கவோ வழி கிடையாது. அது எப்போதோ முடிவாகிவிட்டது. எப்போது, எதை வைத்து முடிவாகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆறு மாத வீட்டுச் செலவை நீங்களே திட்டம் போட்டுக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் தேதிக் கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நம் ஊரில் பலரும் வழுக்கி விழுகிற இடம் இது.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். 2019 ஜூலையிலிருந்து உங்கள் பங்கு நூற்றுக்கு 75 காசு, கம்பெனியின் பங்கு மூன்றே கால் ரூபாய். அதாவது 15,600 ரூபாய் சம்பளத்துக்கு உங்களிடம் 117, கம்பெனி போடுவது 507. இந்தப் பங்களிப்பை வருஷத்துக்கு இரண்டு பாகமாகப் பிரிக்கிறார்கள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கான பயன் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. அக்டோபர்–மார்ச்சில் கட்டியதற்கான பயன் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை.

இதைப் பிள்ளைக்குப் பொருத்திப் பாருங்கள். டாக்டர் 2026 மார்ச்சில் தேதி கொடுத்திருக்கிறார் என்றால், உங்கள் பணத்தை நிர்ணயிப்பது 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உங்கள் பெயரில் காட்டப்பட்ட சம்பளம். நாள் தள்ளிப்போனதே ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான். ஆக, கணக்கில் பாதி மாதங்கள் கரு தங்குவதற்கு முன்பே ஓடிவிட்டன. அக்டோபரில் சம்பளம் ஏறியிருந்தாலும் இந்தப் பிரசவத்துக்கு அது எட்டாது. அதே நேரம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கிற அம்மணிக்கு ஜூலை முதல் வாரத்தில் தேதி என்றால், அவருக்கு அக்டோபர்–மார்ச் சம்பளம் கணக்கு. ஒரே வேலை, ஒரே கூலி, இரண்டு பேருக்கும் வெவ்வேறு தொகை. "அவளுக்கு மட்டும் அதிகமாக் குடுத்துட்டாங்க" என்று சண்டைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். யாரும் யாருக்கும் அதிகமாகக் கொடுக்கவில்லை, காலண்டர் செய்த வேலை அது.

தகுதி பெற, பயன் காலத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்திலும் சேர்த்து 70 நாளுக்குக் குறையாமல் பங்களிப்பு போயிருக்க வேண்டும். ஒரு வருஷத்தில் 70 நாள் என்பது நிலையாக வேலை பார்க்கிறவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. ஆனால் ஆர்டர் இருக்கிற பக்கம் கம்பெனி கம்பெனியாக மாறுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். புதுக் கம்பெனியில் சேரும்போது பழைய இ.எஸ்.ஐ. நம்பரைச் சொல்லாமல் விடுவீர்கள், அவர்கள் புது நம்பர் போட்டுவிடுவார்கள். உங்கள் நாட்கள் இரண்டு மூன்று நம்பர்களில் சிதறிக் கிடக்கும், எதிலும் 70 தேறாது. எத்தனை கம்பெனி மாறினாலும் நம்பர் ஒன்றுதான். அந்தக் கார்டை அரிசிப் பானைக்குள் வைக்கிற நகையைப் போலப் பத்திரமாக வையுங்கள்.

இனித் தொகை. அந்தப் பங்களிப்புக் காலத்தில் உங்களுக்குக் காட்டிய மொத்தச் சம்பளத்தை, சம்பளம் கொடுத்த நாட்களால் வகுக்கிறார்கள். கிடைப்பது சராசரி நாள் கூலி. அதில் முழு நூறு சதவீதமும் 26 வாரத்துக்குத் தருகிறார்கள்.

26 வாரம் என்றால் எத்தனை நாள்? வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ஞாயிறு சம்பளம் இல்லை என்று பழகிய மனசு சட்டென்று 156 என்று சொல்லும். அது தப்பு. 182 நாள். இந்த 26 நாள் வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது, நமக்கு ரொம்பத் தள்ளி நடந்ததும் இல்லை. ஆனைமலைப் பகுதியில் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்த பெண் 1967 கடைசியில் பேறுகால விடுப்பில் போனார். அன்றைக்குச் சட்டத்தில் இருந்தது 12 வாரம். ஞாயிற்றுக்கிழமை சம்பளம் இல்லாத நாள்தானே என்று சொல்லி, நிர்வாகம் 72 நாளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்த அம்மா 84 நாளுக்கு வேண்டும் என்று கோயமுத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே தொடங்கிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போய், 1977 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேர்த்திதான். இந்தியா முழுக்க எந்த நிறுவனத்தில் பேறுகாலப் பணம் கணக்குப் போட்டாலும் அந்தத் தோட்டத் தொழிலாளி கேட்ட 12 நாள் கூலி அதற்குள் இருக்கிறது. பத்து வருஷம் அவர் விடாமல் நின்றதை நினைத்தால், ஜன்னலில் நின்று ஒரு கேள்வி கேட்க நாம் யோசிப்பது எனக்கு வேடிக்கையாகத் தெரிகிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாள் கூலி 600 ரூபாய், மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். 182 நாளுக்கு 1,09,200 ரூபாய். வேலைக்குப் போயிருந்தால் ஆறு நாளுக்கு வாரம் 3,600 வாங்கியிருப்பீர்கள், இங்கே வாரம் 4,200. 26 ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து 15,600 ரூபாய் கூடுதல், அதாவது முழுதாக ஒரு மாதக் கூலி. இந்த 15,600ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு நான் ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஆபீஸில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மாதத்தை 30 நாளாகக் காட்டியிருப்பார்கள் என்பதால் இந்தக் கூடுதல் வராது. அவர்கள் ஞாயிற்றுக்கும் சேர்த்துத்தான் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் 600 ரூபாய் என்று காட்டியிருந்தால். காட்டியிருக்கிறார்களா?

இதைச் சொன்னால் முதலாளிகள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். கையில் 600 கொடுத்துவிட்டு, ஏட்டில் 450 என்று காட்டுவது நம் தொழிலில் புதிதில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டிலும் கம்பெனிக்கு மிச்சம். உங்களுக்கும் அந்த வாரம் பிடித்தம் கொஞ்சம் குறையும், அதனால் யாரும் கேட்பதில்லை. டெலிவரி வரும்போதுதான் விலை தெரியும்: 450 வீதம் 182 நாளுக்கு 81,900. இ.எஸ்.ஐ. பிடித்தத்தில் மாதம் 30 ரூபாய்கூட மிச்சமாகவில்லை, 27,300 ரூபாய் போய்விட்டது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற காசையும் அப்படியே பாருங்கள். 2025 நவம்பர் 21 வரை இருந்த சட்டத்தில் ஓவர்டைம் கூலிக்கும் இ.எஸ்.ஐ. பங்களிப்பு இருந்தது. 21,000 வரம்பைப் பார்க்கும்போதுதான் அதைச் சேர்க்கவில்லை. தனிக் கவரில் கணக்கில்லாமல் வருகிற ஓவர்டைம் காசு பேறுகாலப் பணத்தில் ஒரு ரூபாயாகவும் திரும்பாது.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் நம்பரைப் போட்டு உள்ளே போனால், மாதவாரியாக எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் காட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். போன் சரியாக ஓட்டத் தெரிந்த தம்பியோ தங்கையோ வீட்டுக்கு ஒருத்தர் இருப்பார்கள். நாள் குறைந்திருந்தாலோ மாதமே விடுபட்டிருந்தாலோ அப்போதே கேளுங்கள். கான்ட்ராக்டர் கீழே வேலை என்றால், "அது கான்ட்ராக்ட்காரர் பார்த்துக்குவார்" என்று கம்பெனி கைகழுவ முடியாது. அவர் கட்டாவிட்டால் கட்ட வேண்டிய பொறுப்பு கம்பெனிக்குத்தான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இ.எஸ்.ஐ.யில் முதல்முறை சேர்ந்தவர்களுக்குப் பயன் காலம் தொடங்கவே ஒன்பது மாதம் ஆகும். அதற்குள் பிரசவம் வந்தால் இ.எஸ்.ஐ. பணம் கிடைக்காது. "உனக்கு ஒண்ணும் இல்லை அம்மணி" என்று அனுப்பிவிடுவார்கள். அப்படி இல்லை. இ.எஸ்.ஐ.யில் தகுதி வரும்வரை பேறுகாலப் பயனைக் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குத் தகுதி, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை. விடுப்பில் போவதற்கு முந்தைய மூன்று மாதச் சராசரிதான் கூலி. பிரசவத்துக்கு முந்தைய நாட்களுக்கான பணத்தை முன்கூட்டியே தர வேண்டும், மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்தில் தர வேண்டும். கம்பெனி இலவச மருத்துவம் ஏற்பாடு செய்யவில்லை என்றால் மருத்துவ போனஸ் 3,500 தனி. இதெல்லாம் 1961 பேறுகாலப் பயன் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21இல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது என்றாலும், 80 நாளும் 26 வாரமும் மூன்று மாதச் சராசரியும் அப்படியேதான் இருக்கின்றன. சட்டம் மாறிவிட்டது என்று யாராவது குழப்பினால் குழம்ப வேண்டாம்.

சரி, எவ்வளவு என்று பார்த்தாயிற்று. ஆனால் நான் பார்த்தவரை குடும்பங்கள் தடுமாறுவது தொகை போதாமல் இல்லை, பணம் வருகிற நாள் தெரியாமல்தான். நம் ஊர் வாழ்க்கை சனிக்கிழமையை வைத்து ஓடுகிறது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறியும் மளிகையும், திங்கட்கிழமை குழுக் கடன்காரர் வீதி முக்கில் வந்து உட்கார்ந்துகொள்வார். சீட்டு, லைன் வீட்டு வாடகை எல்லாமே இந்த வாரச் சம்பளத்தைப் பார்த்துத்தான். பேறுகாலப் பணம் சனிக்கிழமை வராது. சான்று வாங்கி, கோரிக்கை கொடுத்து, அவர்கள் சரிபார்த்து, ஒரு கட்டாக வங்கியில் விழும். பேப்பர் முழுசாக இருந்தால் முதல் பணம் 14 நாளில் என்று விதி சொல்கிறது. ஆதாரில் ஒரு இனிஷியல், பேங்கில் கணவர் பெயர், இ.எஸ்.ஐ. கார்டில் அப்பா பெயர் என்று இருந்தால் அந்த 14 நாள் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாம் மாதத்திலேயே மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியவர்கள் கட்டாயம் பாருங்கள்.

என் கணக்கு இது: விடுப்பு தொடங்கி எட்டு சனிக்கிழமைகள் பணமே வராது என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். முன்னால் வந்தால் சந்தோஷம். வாரம் 3,600 கொண்டுவருகிறவர் என்றால் எட்டு வாரத்துக்கு 28,800. மூன்றாம் மாதத்திலிருந்து விடுப்புப் போகும்வரை ஏறக்குறைய 24 சனிக்கிழமை கிடைக்கும். வாரம் 1,200 எடுத்து வைத்தால் சரியாக 28,800 வரும். மூன்றில் ஒரு பங்கு என்பது கஷ்டம், எனக்குத் தெரியும். 600 வைத்தால் 14,400, நான்கு சனிக்கிழமைக்குத் தாங்கும். மீதி நான்குக்கு சீட்டு இருக்கிறது. ஏலச் சீட்டுப் போட்டிருப்பவர்கள் அவசரப்பட்டு ஐந்தாம் மாதத்தில் தள்ளி எடுத்து வளைகாப்பில் கரைத்துவிடாமல், விடுப்பு தொடங்குகிற மாதத்தில் எடுங்கள். அப்போது எடுத்தால் அது சாப்பாட்டுக் காசு. குழுக் கடன் விஷயத்தில் எனக்கு ஒரே அபிப்பிராயம்தான்: கர்ப்பமாக இருக்கும்போது புதுக் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், இன்னொருத்தருக்காகவும் போடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற கடனின் கடைசித் தவணை எந்த வாரத்தில் விழுகிறது என்று பார்த்து, விடுப்புக்குள் நீளுகிறது என்றால் அந்தத் தவணைகளை 28,800க்கு மேல் தனியாகச் சேருங்கள்.

விடுப்பை எப்போது தொடங்குவது என்பதும் பணக் கணக்குதான். 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம். முன்னால் எடுக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தையோடு இருக்கிற வாரங்களில் குறையும். உட்கார்ந்து தைக்கிறவர்கள், உடம்பு ஒத்துழைத்தால், இரண்டு மூன்று வாரம் முன்பு நின்றால் போதும் என்று நினைக்கிறார்கள். டாக்டர் சரி என்றால் நானும் அதையே சொல்வேன். நின்றுகொண்டே செக்கிங், அயர்ன் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முந்தைய ஒரு மாதத்தில், நெடுநேரம் நிற்கிற வேலையோ பாரமான வேலையோ வேண்டாம் என்று நீங்கள் கேட்டால், அதைக் கொடுக்கக் கூடாது. அதைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைக்கவும் கூடாது. வாயால் கேட்டால் சூப்பர்வைசர் சிரிப்பார், ஒரு தாளில் எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகான ஆறு வாரம், நீங்களே வருகிறேன் என்றாலும் வேலை கொடுக்கக் கூடாது.

முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள தமிழ்நாட்டு அரசின் மகப்பேறு உதவி இதிலெல்லாம் சேராத தனிக் காசு. வசதி குறைந்த குடும்பங்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு, மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணைகளாகக் கணக்கில் வரும், மீதி 4,000 மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 12 வாரத்துக்குள் நர்ஸம்மாவிடம் பதிந்து பிக்மி நம்பர் வாங்கியிருக்க வேண்டும். உசிலம்பட்டி, தேனி, மணப்பாறைப் பக்கமிருந்து வந்தவர்கள், ஊருக்குப் போய்ப் பதிந்துகொள்ளலாம் என்று தள்ளிப் போட்டு அந்த 12 வாரத்தைத் தாண்டிவிடுகிறார்கள். குடியிருக்கிற இடத்திலேயே பதியுங்கள். பத்துப் பேருக்குக் கீழே ஆள் வைத்து ஓட்டுகிற சின்ன யூனிட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது, வீட்டில் பிசிறு வெட்டுகிறவர்களுக்கும் கிடையாது. அவர்களில் பலருக்குக் கைக்கு வருகிற காசு இந்த 18,000 மட்டும்தான். 2021 ஜூலை முதல் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 12 மாதம் முழுச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. அவர்கள் வாங்குவதில் எனக்குப் பொறாமை இல்லை. வீதிக்கு அந்தப் பக்கம் 12 மாதம், இந்தப் பக்கம் 26 வாரம், சந்துக்குள்ளே ஒன்றுமில்லை என்று இருப்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம். போங்கள். ஆனால் செலவுத் தாளில் அதை "மிச்சம்" என்று எழுதாதீர்கள். லைன் வீட்டு வாடகை இங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும், வீட்டுக்காரர் மெஸ்ஸில் சாப்பிடுவார், வாரம் ஒருதரம் உங்களைப் பார்க்க பஸ் ஏறுவார். உங்களுக்கும் பிள்ளைக்கும் ஆகிற செலவை உங்கள் அம்மா வெளியே சொல்லாமல் தாங்கிக்கொள்வார். பணம் வந்ததும் அவர் கையில் ஒரு தொகை கொடுத்துவிடுங்கள். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார், கொடுங்கள்.

பணம் வந்து விழுகிற நாளைப் பற்றியும் பேசிவிடலாம். ஒரு லட்சம் ரூபாய் ஒரே கட்டாக நம் வீடுகளில் எப்போதாவதுதான் வரும். வந்த வாரமே ஆளுக்கு ஒரு யோசனை வைத்திருப்பார்கள். வண்டிக்கு முன்பணம் கட்டலாம், கொழுந்தனார் கல்யாணத்துக்குக் கைமாற்றுக் கொடுக்கலாம், மொட்டையும் காதுகுத்தும் கெடாவெட்டோடு செய்யலாம். அது பரிசுப் பணம் இல்லை, 26 வாரச் சம்பளம் மொத்தமாக வந்திருக்கிறது. உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் வாங்குங்கள், ஏடிஎம் கார்டு உங்கள் பையில் இருக்கட்டும். அங்கிருந்து சனிக்கிழமைதோறும் 3,600 எடுங்கள், வழக்கமாகக் கவர் வருகிற மாதிரியே. வாரம் 4,200 வருகிறது, 3,600 எடுக்கிறீர்கள். அந்த 600, ஞாயிற்றுக்கிழமைக் கூலி, தொடாமல் சேர்ந்துகொண்டே போகும்.

அது 27ஆவது வாரத்துக்கு.

26 வாரம் வரைக்கும் திட்டம் போடுகிற அம்மணிகளைப் பார்த்திருக்கிறேன், 27ஆவது வாரத்துக்குப் போடுகிறவர்களைப் பார்த்ததில்லை. பணம் நின்றுவிடும். வேலைக்குத் திரும்பினால் முதல் சனிக்கிழமை முழுக் கவர் வராது, பல இடங்களில் ஒரு வாரக் கூலியை நிறுத்தி வைப்பார்கள். பிள்ளை ஆறு மாதம்கூட நிரம்பாமல் பால் குடித்துக்கொண்டிருக்கும். அதை யார் பார்ப்பது? ஊரிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்தால் ஒரு வாய் கூடுதல், அவர் விட்டுவந்த நூறு நாள் வேலைக் காசும் ஆட்டுக்குட்டியும் கணக்கில் வர வேண்டும். பக்கத்து லைன் வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார் என்றால் அவருக்கு வாரக் காசு. பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தால் பால் பவுடரும் பஸ் செலவும். இந்த மூன்றில் எதுவானாலும் 15,600 ரூபாய் கையில் இருந்தால் மூன்று மாதம் ஓட்டலாம், அதற்குள் கவர் பழையபடி சீராகிவிடும். இல்லாதவர்கள்தான் இரண்டு வாரம் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதி உண்டு. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளையும் உண்டு. சில கம்பெனிகளில் அந்த அறை, வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிற அன்றைக்குத்தான் திறக்கும், சுவரில் மிக்கி மவுஸ் படம் புத்தம் புதுசாக இருக்கும். விடுப்பில் போகும் முன்பே, நாலைந்து பேர் சேர்ந்து போய், அந்த அறை தினமும் திறக்குமா, ஆயா இருப்பாரா என்று கேட்டுவிடுங்கள். ஒருத்தராகக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

இன்னும் சில துண்டுத் துண்டான விஷயங்கள். விடுப்புப் பணம் வாங்குகிற காலத்தில் வேறு கம்பெனிக்குப் பீஸ் ரேட்டில் போகாதீர்கள். கூலிக்கு வேலை செய்தால் அந்த நாளுக்குப் பணம் கிடையாது, மாட்டினால் வாங்கியதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும். இ.எஸ்.ஐ. கொடுக்கிற பணம் கம்பெனிச் சம்பளம் ஆகாது என்பதால் அந்த மாதங்களில் பி.எஃப். ஏறாது. தீபாவளி போனஸும் குறைவாக வரும், அதை நம்பி ஜவுளிக் கடையில் சொல்லி வைக்காதீர்கள். கர்ப்பத்தால், பிரசவத்தால், குறைமாதப் பிறப்பால் உடம்பு சரியில்லை என்று டாக்டர் சான்று கொடுத்தால் 26 வாரத்துக்கு மேல் இன்னும் ஒரு மாதம் வரை பணம் உண்டு. இரண்டு பிள்ளை ஏற்கெனவே இருந்தால் 26 இல்லை, 12 வாரம். கரு கலைந்துபோனாலும் ஆறு வாரம் உண்டு. இதை யாரும் வந்து கேட்பதே இல்லை, இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு மூன்றாம் நாள் மெஷினில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சான்று வாங்குங்கள், கேளுங்கள், படுத்து எழுந்து வாருங்கள்.

கடைசியாக, "இப்ப நின்னுக்க, பிள்ளை பொறந்த பிறகு வா" என்று சொல்லிக் கணக்கு முடிக்கப் பார்ப்பவர்களைப் பற்றி. பேறுகாலப் பயன் வாங்குகிற காலத்தில் வேலையை விட்டு எடுப்பது சட்டப்படி செல்லாது. அப்படியே ஏட்டில் உங்கள் பெயரை அடித்துவிட்டாலும், முந்தைய காலத்தில் 70 நாள் பங்களிப்பு போயிருந்தால் இ.எஸ்.ஐ. பணத்துக்கான உங்கள் தகுதி போகாது. ராஜினாமா என்று எழுதின தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாமல் வாருங்கள். சனிக்கிழமை கூட்டத்தில், கவர் வாங்குகிற அவசரத்தில்தான் அந்தத் தாளை நீட்டுவார்கள்.

அன்புடன்,
டைம் ஆபீஸ் அக்கா